தம்பி தனி வீட்டுக்குப் போகிறேன் என்கிறார்: ஓர் அக்காவின் கடிதத்துக்குப் பதில்

கடிதம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் ஊரிலிருந்து வந்தது. எழுதியவர் 52 வயதுள்ள ஓர் அக்கா. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 38 வயது. எட்டு வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் முள்ளந்தண்டு முறிந்தது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் பிறகு ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையிலும் பல மாதம் இருந்துவிட்டு, சக்கர நாற்காலியோடு அக்கா வீட்டுக்கு வந்தார். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கைகளில் நல்ல பலம். அக்கா வீட்டு விறாந்தையில் மேசை போட்டு போன் திருத்துகிறார், ரீலோட் போடுகிறார். அம்மா போன வருடம் காலமானார். அம்மா இருந்த சின்ன வீடும் இரண்டு பரப்புக் காணியும் தம்பியின் பேரில் இருக்கின்றன. அது அக்கா வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். ஆட்டைத்திவசம் முடிந்த கிழமை தம்பி சொன்னாராம்: "நான் ஒருத்தருக்கும் பாரமாய் இருக்க விரும்பேல்லை. அம்மான்ர வீட்டில நான் இருக்கப் போறன்."

கனடாவில் இருக்கும் அண்ணா அதற்குச் சம்மதிக்கவில்லை. "ஏதாவது இல்லத்தில் விடுங்கோ, காசு நான் அனுப்புறன். அதுக்கு முதல் காணியை உன்ர பேருக்கு மாத்து, அற்றோணித் தத்துவத்தையும் எடுத்து வை" என்கிறார். அற்றோணித் தத்துவம் என்பது ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட எழுதிக் கொடுக்கும் அதிகாரம். அக்காவின் கேள்விகள் இவை. அங்கே ஏதும் நடந்தால் பொலிஸ் தன்னைத்தானே கேட்கும்? அவரைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் ஆள் தருமா? காணியை மாற்றுவது நல்லதா? தம்பியைத் துரத்திவிட்டாள் என்று ஊர் சொல்லாதா? இவற்றோடு, இரவில் தம்பி யாரோ ஒரு பிள்ளையோடு நெடுநேரம் போனில் கதைக்கிறார் என்பதையும் எழுதியிருக்கிறார்.

நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். விபத்துக்கோ நோய்க்கோ பிறகு ஒருவர் தன் வீட்டில் குளிக்கவும் சமைக்கவும் உழைக்கவும் வழி பார்ப்பது என் வேலை. சட்டம் பற்றி நான் கீழே எழுதுவதை ஒரு சட்டத்தரணியிடமும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் நாரியைப் பற்றிக் கதைப்போம். கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: தூக்கித் தூக்கி நாரி நோகிறது, காலையில் எழும்ப முடியவில்லை என்று. எட்டு வருடமாக ஒரு வளர்ந்த ஆளைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில் தூக்கி இறக்கியிருக்கிறீர்கள். அந்த வலியை நீங்கள் வைத்தியரிடம் காட்டியதாகக் கடிதத்தில் இல்லை. இந்தக் கிழமையே காட்டுங்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தம்பி இப்போது இருக்கும் ஏற்பாடு பாதுகாப்பானது, தனி வீடு ஆபத்தானது என்று வைத்துக்கொண்டுதான் நீங்கள் யோசிக்கிறீர்கள். ஆனால் இப்போதைய ஏற்பாடு முழுவதும் உங்கள் நாரியிலும் உங்கள் கணவரின் தோளிலும் நிற்கிறது. உங்களில் ஒருவர் விழுந்தால் அன்றைக்கே அது நின்றுவிடும். ஆகவே வேறு ஏற்பாடு ஒன்றை நீங்கள் எப்படியும் யோசிக்க வேண்டும். அதைத் தம்பியே தொடங்கிவைத்திருக்கிறார்.

நான்கு பக்கக் கடிதத்தில் தம்பி சொன்னதாக இருப்பது அந்த இரண்டு வசனங்கள் மட்டும். அண்ணா சொன்னது, மாமி சொன்னது, பக்கத்து வீட்டார் சொல்லப்போவது எல்லாம் நிறைய இருக்கின்றன. அதனால் அந்த இரண்டு வசனங்களையும் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இரண்டாவது வசனத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. தன் பேரில் உள்ள வீட்டில், தான் உழைக்கும் காசோடு, தான் இருக்கப் போவதாக ஒரு 38 வயது மனிதர் சொல்கிறார். அவருடைய கால்கள் நடக்குமென்றால் இதற்கு யாரும் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் "பாரமாய் இருக்க விரும்பேல்லை" என்ற முதல் வசனத்தை அப்படியே கடந்து போக வேண்டாம். பலர் அதைச் சாதாரணமாகச் சொல்வதுண்டு. மனம் சோர்ந்து, வாழ்வதில் விருப்பம் விட்டுப்போகும்போதும் அதே வார்த்தைதான் வரும். அம்மா போய் ஒரு வருடம்தான் ஆகிறது. நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறாரா, வேலையில் மனம் நிற்கிறதா, தன் சாமான்களை யாருக்கும் எடுத்துக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் நேரே கேளுங்கள்: "செத்துப் போகலாம் என்று யோசனை வருகுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது, கேட்டால்தான் அவரால் வாய் திறக்க முடியும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். அப்படியான நிலை என்றால் முதலில் அதற்குச் சிகிச்சை, வீட்டுக் கதை பிறகு.

உங்கள் கடிதத்தில் உள்ளதைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை கூடியிருக்கிறது, புதுச் சாமான் வாங்கிப் போட்டிருக்கிறார், இரவில் போனில் சிரித்துச் சிரித்துக் கதைக்கிறார் என்கிறீர்கள். வாழ நினைக்கிற ஒருவர்தான் இதையெல்லாம் செய்வார்.

எவ்வளவு உதவி என்று எழுதிப் பாருங்கள்

"அவனுக்கு எல்லாத்துக்கும் ஆள் வேணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் களைப்பில் அப்படித்தான் தெரியும். ஒரு கொப்பியை எடுத்து, ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எதற்கு, எவ்வளவு நேரம் இன்னொருவரின் கை தேவைப்பட்டது. தம்பியும் தன் கொப்பியில் தனியாக எழுதட்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து நான் பார்த்தபோது, காலையில் எழும்பிக் குளிக்க ஒன்றரை மணித்தியாலம் போல, பின்னேரம் சமையலுக்கும் துப்புரவுக்கும் ஒரு மணித்தியாலம் போல, கிழமையில் ஒரு தடவை சந்தைக்கும் உடுப்புத் தோய்க்கவும் கொஞ்ச நேரம் என்றுதான் வருகிறது. மிச்ச நேரமெல்லாம் அவர் தன் மேசையில் தன் வேலையைப் பார்க்கிறார். இந்த இரண்டரை மணித்தியாலத்திலும் ஒரு பகுதி வீடு பொருந்தாததால் வருவது. கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருந்து, இரண்டுக்கும் நடுவே வழுக்கிப் போக ஒரு பலகையும் இருந்தால், கையில் பலமுள்ள ஒருவர் தானாகவே மாறப் பழகலாம். ராகமவில் இதைப் பழக்கியிருப்பார்கள். வீட்டில் உயரமான கட்டில், அதோடு தூக்கிவிட ஓடிவரும் அக்கா. பழகியது விட்டுப் போயிருக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாசமுள்ள வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஆனால் ஒன்றை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தனியாக வாழ்வது என்றால் யாருடைய உதவியும் இல்லாமல் வாழ்வது என்று நினைத்துத்தான் நீங்களும் அண்ணாவும் பயப்படுகிறீர்கள். யார் உதவ வேண்டும், எத்தனை மணிக்கு, எந்த விதத்தில் என்பதை அவரே தீர்மானிப்பதுதான் அதில் முக்கியம். அமெரிக்காவில் எட் றொபேட்ஸ் என்ற ஒருவர் போலியோவால் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் இருந்தார். மூச்சு விடுவதற்கே இரும்புக் கூண்டு போன்ற இயந்திரத்துக்குள் படுக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் 1962இல் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 1972இல் அவரும் நண்பர்களும் அந்த நகரத்தில் மாற்றுத்திறனாளிகளே நடத்தும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். உதவியாளரைத் தெரிவு செய்வது, வீடு தேடுவது, நாற்காலி திருத்துவது எல்லாம் அங்கே நடந்தன. உங்கள் தம்பிக்கு இரண்டு கையும் தொழிலும் சொந்த வீடும் இருக்கின்றன.

காணியும் கையெழுத்தும்

"நான்தானே அவனுக்குக் கார்டியன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, சகோதரி. 18 வயது தாண்டிய ஒருவருக்கு, கால் வழங்காது என்பதற்காக, யாரும் தானாகப் பாதுகாவலர் ஆவதில்லை. ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாமல் தன் அலுவல்களைப் பார்க்க முடியாதவர் என்று மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானித்தால்தான் அவருக்காக இன்னொருவர் நியமிக்கப்படுவார். தம்பி கணக்குப் பார்த்து வியாபாரம் செய்கிறவர். அவருடைய கையெழுத்தை அவர்தான் போட வேண்டும். வங்கிக் கணக்கு அவர் பேரில், ஏ.ரி.எம். அட்டை அவர் கையில், இரகசிய இலக்கம் அவருக்கு மட்டும்.

பொலிஸ் பற்றிய பயத்தையும் விடுங்கள். ஒரு வளர்ந்த ஆள் தன் விருப்பத்தில் தன் வீட்டில் இருப்பது உங்கள் குற்றமாகாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம்கூட வாழ்க்கைத்துணை மீதும் பெற்றோர் மீதும்தான் கடமை வைக்கிறது. மாற்றுத்திறனாளியான பிள்ளையைப் பெற்றோர் பராமரிக்க வேண்டும் என்கிறது. சகோதரிமேல் அதை வைக்கவில்லை. நீங்கள் இத்தனை வருடம் செய்தது சட்டத்துக்காகச் செய்ததில்லை என்பது தம்பிக்கும் தெரியும்.

இனிக் காணி. அண்ணா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். என்றாலும் நீங்கள் அதைச் செய்யக் கூடாது. அந்த வீடும் இரண்டு பரப்பும்தான் தம்பியிடம் உள்ள ஒரே சொத்து, அவர் தனியாக வாழ்வதற்கான அத்திவாரமும் அதுதான். நீங்கள் அவருக்கு ஒரு தீங்கும் செய்ய மாட்டீர்கள். ஆனால் உங்கள் பேருக்கு வந்த காணி நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு உரித்தாகும், மருமகன்மார் வருவார்கள், யாராவது கடனுக்கு ஈடு வைப்பார்கள். கொடுத்த நன்கொடையைக் கடும் நன்றிகேட்டைக் காட்டி இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்குக்கூட அவர் நீதிமன்றம் ஏற வேண்டும், உடன்பிறந்தவர்களுக்கு எதிராக. ஒருகாலத்தில் தம்பி தானாகவே யாருக்கும் எழுத விரும்பினால், தன் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதலாம். அதுவும் உங்களுக்குத் தெரிந்த நொத்தாரிசிடம் போகாமல், அவர் தெரிவு செய்த நொத்தாரிசிடம், நீங்கள் அறைக்கு வெளியே இருக்க நடக்கட்டும்.

அற்றோணித் தத்துவமும் அப்படியே. அவருக்குத் தேவை என்றால், ஒரு குறிப்பிட்ட அலுவலுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கலாம், வேண்டாதபோது இரத்துச் செய்யலாம். எல்லா அலுவலுக்கும் பொதுவாக எழுதி வாங்கி அலுமாரியில் பூட்டி வைப்பது அவருடைய கையைக் கட்டி வைப்பதாகும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

இல்லத்தில் விடுவது பற்றி

"அங்கே எத்தனை இல்லம் இருக்கு" என்று அண்ணா கேட்கிறாராம். இருக்கின்றன, நல்ல வேலையும் செய்கின்றன. சுன்னாகத்து வாழ்வகம் பார்வைப் புலன் இழந்தவர்களுக்கானது. கோண்டாவில் சிவபூமிப் பாடசாலை மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கானது. கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. இவற்றில் எது, போன் திருத்தி உழைக்கும் 38 வயது மனிதருக்கு? முதியோர் மத்தியில் ஒரு கட்டிலைக் கொடுத்து, மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் விளக்கு அணைப்பு என்று அவரை வைத்தால் அவருடைய வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். வாடிக்கையாளர் போனால் வருமானம் போகும், பிறகு அவர் உண்மையாகவே எல்லாவற்றுக்கும் மற்றவரை எதிர்பார்க்கிறவர் ஆகிவிடுவார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 19ஆவது உறுப்புரை இதைத்தான் பேசுகிறது: எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே அவர்களும் தெரிவு செய்யலாம், ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் வாழ வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டிலும் ஊரிலும் தேவையான உதவிச் சேவைகள், தனிப்பட்ட உதவியாளர் உட்பட, கிடைக்க வேண்டும். தெரிவு செய்யும் உரிமை தம்பியிடம் இருக்கிறது. உதவிச் சேவை என்ற பகுதியில்தான் எங்கள் நாடு பின்னுக்கு நிற்கிறது. அரசு சம்பளம் கொடுத்து வீட்டுக்கு உதவியாளரை அனுப்பும் திட்டம் இங்கே இல்லை. அது வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். வரவேண்டும் என்று கேட்பது வேறு விஷயம், அதை நாங்கள் எல்லோரும் உரத்துக் கேட்க வேண்டும்.

சரி, அப்படியென்றால் காலை ஒன்றரை மணித்தியாலத்துக்கு யார்? இங்கேதான் அண்ணாவின் காசு பயன்படும். இல்லத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தை அவர் தம்பியின் கணக்குக்கே மாதாமாதம் அனுப்பட்டும். தம்பி ஒரு உதவியாளரை வேலைக்கு வைக்கட்டும். ஆளைப் பார்ப்பதும், சம்பளம் பேசுவதும், பிடிக்கவில்லை என்றால் நிறுத்துவதும் தம்பி. ஊரில் நம்பிக்கையான ஒரு ஆண், காலையில் தன் வேலைக்குப் போகமுதல் வந்துபோகக் கூடியவர் கிடைப்பார். நேரம், சம்பளம், லீவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் வராத நாளுக்கு இரண்டாவது ஆள் ஒருவரையும் இப்போதே பழக்கி வைக்க வேண்டும். உறவுக்காரப் பொடியன் சும்மா வந்து செய்வான் என்று விடாதீர்கள். சம்பளம் இல்லாத உதவிக்கு நேரம் சொல்ல முடியாது, குறை சொல்லவும் முடியாது.

யாரிடம் என்ன கேட்கலாம்

உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். முதலில் அவர். மாதாந்தக் கொடுப்பனவு, நாற்காலி போன்ற உபகரணங்கள், வீடு அமைக்கவும் திருத்தவும் உதவி, சுயதொழில் உதவி எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் அவர் வழியாகத்தான் போகும். மாகாண சமூக சேவைகள் திணைக்களத்திலும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்திலும் என்னென்ன திட்டம் இப்போது நடக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். மாதாந்தக் கொடுப்பனவு 2025இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. தனியாகப் போனால் அது நின்றுவிடும் என்று பயப்படுகிறீர்கள். வீட்டுக்குப் போகமுதலே கிராம அலுவலரிடம் முகவரி மாற்றத்தைப் பதிந்து, தனிக் குடும்பமாக எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். தன் வீட்டில் தனியாக இருப்பது என்பது ஒருவரைத் தகுதியில்லாதவர் ஆக்காது. வருமான விபரத்தை மட்டும் உள்ளபடி சொல்லுங்கள்.

நாற்காலிக்கும் அதன் திருத்தத்துக்கும் 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தை நாடலாம். செயற்கைக் கால்தான் அங்கே செய்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; சக்கர நாற்காலியும் அங்கே கிடைக்கும். இன்னொன்றை நான் கட்டாயம் சொல்லுவேன். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பு மாங்குளத்தில் இருக்கிறது. தம்பி அங்கே ஒரு நாள் போய் வரட்டும். நான் பத்து நாள் சொல்லிக் கொடுப்பதைவிட, அதே நிலையில் இருந்து குடும்பம் நடத்துகிற ஒருவர் அரை மணித்தியாலத்தில் சொல்லித் தருவது கூட. முடிந்தால் நீங்களும் போங்கள். உங்களுக்கும் அது தேவை.

வீட்டை முதலில் சரிசெய்யுங்கள்

அம்மாவின் வீட்டு விறாந்தைக்கு மூன்று படி என்கிறீர்கள். ஒரு படி ஆறு அங்குலம் என்றால் பதினெட்டு அங்குல உயரம். சாய்வுப் பாதைக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். ஆகவே 18 அடி நீளம் வேண்டும். மேசன்மார் "ஆறடி போதும்" என்பார்கள். ஆறடியில் கட்டினால் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழும். இடம் போதாவிட்டால் பாதையை மடக்கிக் கட்டலாம். மேலே கதவுக்கு முன் ஐந்தடி சமதரையும் இரண்டு பக்கமும் கைபிடியும் இருக்க வேண்டும்.

கதவுகளில் நாற்காலி போய்வர 32 அங்குலம் வெளியாக இருக்க வேண்டும். மலசலகூடம் கிணற்றடிக்குப் பக்கத்தில், குந்தி இருக்கிற மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரிவராது. வீட்டோடு சேர்த்து, நாற்காலி திரும்பக் கூடிய ஐந்துக்கு ஐந்து அடி இடத்தோடு, கொமட்டும் சுவரில் கம்பியும் வைத்துக் கட்டுங்கள். அண்ணாவின் முதல் காசு இதற்குப் போகட்டும். கிணற்றுக்கு மோட்டாரும் தாங்கியும் போட்டுக் குழாய் நாற்காலியிலிருந்து எட்டும் உயரத்தில் வரவேண்டும். காஸ் அடுப்பு பதிவான மேசையில். பிறகு ஒழுங்கை. மாரியில் வெள்ளம் நிற்கும் மண் ஒழுங்கை என்றால் நாற்காலியின் சின்னச் சில்லு புதையும். பிரதேச சபைக்கு எழுதிக் கேளுங்கள், அதுவரை கேற்றடியிலிருந்து கல் பதியுங்கள். குடிபோவதை ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வைக்காமல் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியவை

கள்ளர் வருவான், பேய் வரும் என்று மாமி சொல்வதைவிட எனக்குப் பெரிய பயம் படுக்கைப்புண். இரண்டு வருடத்துக்கு முன் அதனால் மூன்று மாதம் வைத்தியசாலையில் இருந்தார் என்கிறீர்கள். போன் திருத்த உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, பின்பக்கத்தில் அழுத்தும் பாரத்தை எடுக்க வேண்டும். போனிலேயே அலாரம் வைக்கட்டும். காலையும் இரவும் கண்ணாடி பிடித்துப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு ஒன்று தெரிந்து, பாரத்தை எடுத்தும் மறையாவிட்டால் அன்றைக்கு நாற்காலியில் உட்காரக் கூடாது.

இரண்டாவது சூடு. உணர்வில்லாத தொடையில் சுடுதண்ணிக் கேத்திலை வைத்துக் கொண்டு போனால் தோல் வெந்தபிறகுதான் தெரியும். ஈயம் பற்றவைக்கும் கம்பியும் அப்படித்தான். மடியில் தடித்த துணியோ தோலோ போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் சீமெந்து முற்றத்தில் வெறுங்கால் படவே கூடாது. மூன்றாவது சிறுநீர். நடுக்கத்தோடு காய்ச்சல், கலங்கிய சிறுநீர், அல்லது கதீற்றர் (சிறுநீர் போகப் போடும் குழாய்) அடைத்தால் விடியட்டும் என்று இருக்காமல் 1990 அம்புலன்சை அழைக்க வேண்டும். அது இலவசம். போன் எப்போதும் கழுத்தில் தொங்கட்டும். விழுந்தவருக்கு மேசையில் இருக்கும் போனால் பயனில்லை.

இவற்றுக்கு ஒரு முன்னோட்டம் வையுங்கள். வீடு தயாரானதும் முதலில் சனி, ஞாயிறு இரவுகள். பிறகு ஒரு கிழமை. ஒவ்வொன்றுக்கும் பிறகு என்ன தடக்கியது என்று இருவரும் இருந்து கதையுங்கள். இடையில் ஏதாவது பிழைத்தால், "பார், நான் சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மற்றவர்களும் வீடு மாறிய முதல் மாதத்தில் விழுந்து எழும்புகிறார்கள். அதற்காக யாரும் அவர்களைத் திரும்பக் கூட்டிவருவதில்லை. திறப்பு ஒன்று உங்களிடம் இருக்கலாம், தம்பி தந்தால். தந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

போனில் கதைக்கும் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம். யார் என்று தம்பி சொல்லும்வரை கேட்காதீர்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட எத்தனையோ பேர் திருமணம் செய்து சந்தோஷமாக இருக்கிறார்கள். பிள்ளை பெறுவதில் சிக்கல் இருந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. தம்பியைக் காசுக்காக யாரும் ஏமாற்றிவிடுவார்களோ என்ற உங்கள் பயம் நியாயமானது. அந்தப் பயத்தை ஒரு தடவை அவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்டுக்கொள்வார். அதற்கு மேல் அது அவருடைய விஷயம்.

ஊரைப் பற்றி நான் என்ன சொல்ல? சொல்லத்தான் செய்யும். தம்பி புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாளில் நீங்களும் கணவரும் பிள்ளைகளும் முன்னுக்கு நில்லுங்கள், சொந்தக்காரருக்குத் தம்பியின் வாயாலேயே அழைப்புப் போகட்டும். துரத்தப்பட்டவர் பால் காய்ச்சிக் கூப்பிடுவதில்லை என்பது சனத்துக்கு விளங்கும். அண்ணாவிடமும் இனி நீங்கள் நடுவில் நின்று தகவல் சொல்ல வேண்டாம். அவர் நேரே தம்பிக்கு வீடியோ கோல் எடுக்கட்டும், காசுக் கணக்கை அவர்கள் இருவரும் கதைத்துக்கொள்ளட்டும்.

பிரதேச செயலகத்துக்கு நீங்களும் கூடப் போகலாம். ஆனால் படிவத்தை நிரப்புவதும் கேள்விக்குப் பதில் சொல்வதும் தம்பிதான். உத்தியோகத்தர் உங்களைப் பார்த்துக் கேட்டால் தம்பியின் பக்கம் திரும்புங்கள். அலுவலகம் மாடியில் என்றால் உத்தியோகத்தரைக் கீழே வரச் சொல்லிக் கேளுங்கள்; பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி இருக்க வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது, தயங்கத் தேவையில்லை. வைத்திய அறிக்கை, அடையாள அட்டை, காணி உறுதி மூன்றிலும் பிரதி கொண்டு போங்கள். கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்கித் தம்பியே வைத்திருக்கட்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு அவரே திரும்பப் போய்க் கேட்கலாம்.